தானாக அணையும் கணினி: பாகம் வாங்கும் முன் பயாஸைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் போன்ற தோட்டப் பட்டணங்களில் கணினி பாதியில் அணைந்தால் முதலில் வரும் பேச்சு, "பவர் சப்ளை போச்சு" என்பதுதான். மாற்றுவார்கள். சில நாளில் மறுபடி அணையும். "அப்படின்னா போர்டு போச்சு" என்பார்கள். 400, 500 வெள்ளி கரைந்த பிறகும் பிள்ளையின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பயிற்சி பாதியிலேயே நிற்கும். பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்க, அவற்றுக்காகப் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருளில்) வைத்த அமைப்பு (செட்டிங்) மட்டும் தவறாக இருப்பது இதில் மிகச் சாதாரணம்.

காரணம் இருக்கிறது. நம் ஊர் வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஓடுகிற கணினிகளில் நிறைய, கோலாலம்பூர் ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்டவை. முந்தைய ஆள் குளிர்சாதன அறைக்கு ஏற்ப வைத்த அமைப்பு அப்படியே உள்ளே இருக்கும். அதைத் தகரக் கூரைக்குக் கீழே, மதியம் 33, 34 டிகிரி சூட்டில், இடி மழைக்கு விளக்கு மின்னுகிற இடத்தில் வைத்து ஓட்டுகிறோம். அங்கே சரியாக இருந்த அமைப்பு இங்கே பிழையாகிவிடுகிறது. கீழே உள்ள வரிசையில் பாருங்கள். முதல் பாதிக்கு ஒரு காசு செலவில்லை.

எப்படி அணைகிறது?

எதையும் தொடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: அணைந்த நேரம், அப்போது என்ன வேலை ஓடியது, திரை எப்படிப் போனது, தானாக மறுபடி எழுந்ததா.

சுவிட்சைத் தட்டியதுபோல் பட்டென்று இருண்டு அப்படியே கிடந்தால் சூடு அல்லது மின்சாரப் பாதுகாப்பு வெட்டியிருக்கிறது. இருண்டு, சில விநாடியில் தானாக எழுந்தால் மெமரி, வோல்டேஜ், பவர் லிமிட் (சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு) பக்கம் பாருங்கள். "ஷட்டிங் டவுன்" என்று எழுத்துக் காட்டி ஒழுங்காக மூடிக்கொண்டால் விண்டோஸுக்கு யாரோ கட்டளை கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் யூபிஎஸ் (மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் பேட்டரிப் பெட்டி). நீங்கள் அணைத்தும் அணையாமல் ஃபேன் சுற்றினாலோ, அணைத்த கணினி நடுராத்திரியில் தானே எழுந்தாலோ, அது தனிக் கதை. அதைப் பின்னால் பார்ப்போம்.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பது

விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஈவன்ட் வியூவரைத் திறங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கணினி அணைந்த நேரத்தை ஒட்டிய வரிகளைத் தேடுங்கள்.

எண் 41, கெர்னல்-பவர்: முறையாக மூடாமல் நின்றுபோனது என்று பொருள். இது மறுபடி எழுந்த பிறகு எழுதப்படுவது. அணைந்த உண்மையான நேரம் 6008 என்ற வரிக்குள் இருக்கும். பலர் 41-ஐப் பார்த்ததும் பவர் சப்ளை வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த எண் காரணத்தைச் சொல்வதில்லை. அதே வரியை அழுத்தி, டீட்டெயில்ஸ் பக்கத்தைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால் பெரும்பாலும் நீலத்திரைகூட வர நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இங்கே 292 என்று வந்தால் நீலத்திரைக் குறியீட்டில் அது 0எக்ஸ்124: புராசசர், வோல்டேஜ் சம்பந்தப்பட்ட வன்பொருள் பிழை. 26 வந்தால் 0எக்ஸ்1ஏ, மெமரியைச் சந்தேகியுங்கள். பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்பதில் 0 இல்லாமல் நீண்ட எண் இருந்தால் பவர் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. யாரும் அழுத்தவில்லை என்றால் பட்டன் உள்ளே சிக்கி நிற்கிறது.

1074 என்ற வரி ஒழுங்கான அணைப்பு. எந்த மென்பொருள் கேட்டு அணைத்தது என்று பெயரோடு எழுதியிருக்கும். டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 இருந்தால் வோல்டேஜ், ஓவர்கிளாக் (சிப்பை அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது), மெமரி அமைப்புகளுக்கு நேராகப் போகலாம்.

நீலத்திரை கண்ணில் பட ஒரு மாற்றம் செய்யுங்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி. அங்கே "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பயாஸுக்குள் நுழையும் முன்

இந்த இடத்தில் அவசரப்பட்டு விண்டோஸையே திறக்க முடியாமல் ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. மூன்று வேலையை முதலில் முடியுங்கள்.

ஒன்று, பிட்லாக்கர். விண்டோஸ் 11-ல் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். கணக்கு முந்தைய உரிமையாளருடையது என்றால், பயாஸைத் தொடும் முன் உங்கள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள்.

இரண்டு, பயாஸில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள்.

மூன்று, அந்தப் படங்களில் சாட்டா மோடு (வட்டு போர்டோடு பேசும் முறை) என்ன என்று பாருங்கள்: ஏஎச்சிஐ-யா, ரெய்டா? பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் தொழிற்சாலை அமைப்பு ரெய்டு ஆன். விண்டோஸை யாராவது ஏஎச்சிஐ-யில் போட்டிருந்தால், டிஃபால்ட்டுக்குத் திரும்பியதும் விண்டோஸ் எழாது. பதற வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் பழையபடி வைத்தால் போதும். யூஇஎஃப்ஐ, லெகசி என்ற பூட் முறைத் தேர்வும் அப்படித்தான்.

நுழைய, கணினி எழும்போது அழுத்த வேண்டியது: கடையில் பூட்டிய கணினிகளில் டெலிட் அல்லது எஃப்2, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோ ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் எஃப்1. நேரம் பிடிபடவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப் வழியாகவும் போகலாம்.

டிஃபால்ட்டுக்குத் திரும்புங்கள்

"லோட் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸ்" அல்லது "லோட் செட்டப் டிஃபால்ட்ஸ்" என்று இருக்கும். போட்டு, சாட்டா மோடையும் பூட் முறையையும் படத்தில் உள்ளபடி திருத்தி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

பிறகு வழக்கமான வேலையையே செய்யுங்கள். தினமும் ஒரு முறை அணைந்த கணினி என்றால் மூன்று நாள் பாருங்கள். அணையவில்லையா, பாகங்களில் குறையில்லை. தவறு அமைப்பில் இருந்தது. எக்ஸ்எம்பி (மெமரி வேகத்தைக் கூட்டும் அமைப்பு) போன்றவை வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக, நாளுக்கு ஒன்றாகத் திருப்பி வையுங்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது.

பயாஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால் சீமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடத்தை) அழிக்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். அந்தப் பேட்டரி சில வெள்ளிதான். பழைய கணினி என்றால் புதியதையே போடுங்கள். பேட்டரி செத்த கணினியில் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதியும் அமைப்பும் அழியும். நேற்றுச் சரிசெய்தது இன்று காணவில்லை என்கிற புகாருக்கு இதுவே முக்கியக் காரணம்.

டிஃபால்ட் போட்டும் அணைந்தால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சூடு: நம் ஊரில் முதல் சந்தேகம் இதன் மேல்தான்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு சிபியூ (புராசசர் சிப்) வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, கடும் வேலையில் 85 வரை இருந்தால் நம் வெயிலுக்குச் சரி. இப்போதைய இன்டெல் சிப்புகளில் பெரும்பாலானவை 100 டிகிரியில் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95-ல். வேகம் குறைந்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் சிப் மின்சாரத்தை வெட்டும். அதாவது ஆரோக்கியமான கூலர் உள்ள கணினி, சூட்டால் மெதுவாகுமே தவிர அணையாது. அணைகிறது என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது பயாஸில் வெட்டும் அளவைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதை முதலில் பாருங்கள், சுலபம். பழைய போர்டுகளில் பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் "ஷட்டவுன் டெம்பரேச்சர்" என்று ஒரு வரி இருக்கும்: 60, 65, 70, 75 டிகிரி. குளிர் அறையில் 60 போதும். இங்கே மதியம் அறையே 34 டிகிரி. சிப் அதற்குமேல் 30 டிகிரி ஏறினால் 64. கணினியில் ஒரு குறையும் இல்லாமல் தினமும் பிற்பகலில் மட்டும் அணையும், இரவில் நன்றாக ஓடும். இப்படி நேரம் பார்த்து அணைகிற கணினியில் இந்த வரியை 75-க்கு ஏற்றுங்கள். டிஸேபிள் செய்யாதீர்கள், ஃபேன் நிஜமாகவே நின்றால் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்து ஃபேன் அமைப்பு. சைலன்ட் என்று வைத்திருந்தால் மாற்றுங்கள். நம் ஊருக்கு 40 டிகிரியில் 40 விழுக்காடு வேகம், 60-ல் 60, 75-ல் 85, 85-ல் முழு வேகம் என்று வைத்தால் நன்றாக ஓடும். வேகக் கட்டுப்பாட்டு முறையாக நான்கு ஊசி ஃபேனுக்கு பிடபிள்யூஎம், மூன்று ஊசி ஃபேனுக்கு டிசி என்று வையுங்கள். சிபியூ ஃபேனின் ஒயர் போர்டில் சிபியூ ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் இருக்க வேண்டும். பெட்டி ஃபேனுக்கான இடத்தில் மாட்டியிருந்தால் சிபியூ சூட்டுக்கு ஏற்ப அது வேகம் எடுக்காமல் போகலாம். சில போர்டுகள் "சிபியூ ஃபேன் எரர்" என்று காட்டித் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

கூலர் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் வட்டக் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்தால் நான்கு கால்களும் விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி நுழைந்திருப்பது தெரிய வேண்டும். ஒன்று மட்டும் மூடியபடி இருந்தால் அந்த மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது. கணினி எழுந்த சில விநாடியிலேயே வெப்பம் 90-ஐத் தாண்டும். லாரியில், மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த கணினியில் இது அடிக்கடி நடக்கும். கழற்றினால் சிப்பின் மேல் உள்ள, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்து, எதிரெதிர் மூலையாக 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

இலவசச் சோதனை ஒன்று: பவர் ஆப்ஷன்ஸ், புராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் புராசசர் ஸ்டேட் என்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடும். இப்போது அணைவதும் நின்றதா? சூடு அல்லது பவர் லிமிட், இரண்டில் ஒன்று.

மெமரி, வோல்டேஜ், பவர் லிமிட்

எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ என்ற பெயர்களில் இருப்பதெல்லாம் மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது. டிடிஆர்4 சாதாரணமாக 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. இரண்டு வேறு பிராண்ட் மெமரியைக் கலந்து போட்டிருந்தால் எக்ஸ்எம்பியை நம்பாதீர்கள், அணைத்துவிடுங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் இரண்டு மெமரி என்றால், சிபியூ பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடம். மெம்டெஸ்ட்86-ஐ யூஎஸ்பியில் போட்டு இரவில் ஓட விடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த மெமரியோ அமைப்போ சரியில்லை.

பவர் லிமிட்டில் போர்டு கம்பெனிகளே தாராளமாக விடுகின்றன. ஐ5-12400-க்கு இன்டெல் சொல்லும் அளவு நீண்ட நேரத்துக்கு 65 வாட், குறுகிய நேரத்துக்கு 117. பல போர்டுகளில் டிஃபால்ட்டே 4096 வாட், அதாவது வரம்பே இல்லை. சின்னக் கூலரும் மலிவுப் பவர் சப்ளையும் உள்ள கணினியில் இந்த இரண்டு எண்களையும் நீங்களே எழுதி வையுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளுக்குத் தனி எச்சரிக்கை. இவற்றில் பல, அதிக வோல்டேஜ் கேட்டுக் காலப்போக்கில் கெட்டுப்போனதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடையும் (பயாஸ் வழியாகச் சிப்புக்கு வரும் திருத்தம்), அடுத்து 0எக்ஸ்12பி என்பதையும் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸைப் புதுப்பித்து, "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கெட்ட சிப் இதனால் தேறாது, உத்தரவாதத்தில் கேளுங்கள்.

ரைசனில் முதல் தலைமுறைகள், வேலை இல்லாமல் சும்மா இருக்கும்போது அணையும் அல்லது உறையும். கேம் ஆடினால் நன்றாக ஓடும், எழுந்து டீ குடிக்கப் போனால் அணைந்து கிடக்கும். பயாஸில் ஏஎம்டி சிபிஎஸ் பக்கத்தில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிக்கல் கரன்ட் ஐடில்" ஆக்குங்கள். புதிய ரைசன்களில் (5000 வரிசை முதல்) வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் யாராவது மைனஸ் எண் போட்டிருந்தால் அதையும் 0 ஆக்குங்கள்.

பவர் சப்ளையும் ஒயர்களும்

பழைய பவர் சப்ளையின் பின்பக்கம் சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும்: 115, 230. மலேசியாவில் 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து இங்கே பிளக் போட்டால் வெடிச் சத்தத்தோடு போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த கணினியில் முதலில் இதைப் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி, கேம் தொடங்கியதும் பட்டென்று அணைந்தால் கணக்குப் போடுங்கள். கார்டுக்குப் போர்டின் ஸ்லாட் வழியாக 75 வாட், ஆறு ஊசி ஒயரில் 75, எட்டு ஊசியில் 150. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. இரண்டு ஒயர் கேட்கும் கார்டுக்கு ஒரே ஒயரின் இரட்டை முனையை மாட்டாமல் தனித்தனி ஒயர் கொடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 விழுக்காட்டுக்கு இறக்கி அதே கேமை ஆடுங்கள். அணைவது நின்றால், அப்போது பவர் சப்ளை வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள், கறுப்பு ஒயருக்கு இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு, கறுப்புக்கு இடையே 4.75 முதல் 5.25. வேலை ஓடும்போது அளக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் மின்சாரம் இருக்கும்.

ஆசுஸ் போர்டுகளில் "யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட்" என்று காட்டி 15 விநாடியில் அணைந்தால், யூஎஸ்பி துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த ஊசி, எறும்புக் கூடு, செத்த பல்லிக் குட்டி எதுவும் இருக்கலாம். முன்பக்க யூஎஸ்பி ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள்.

பவர் பட்டன் சந்தேகம் என்றால் அதன் இரண்டு ஊசி ஒயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுக் கணினியை எழுப்புங்கள். அதன்பின் அணையவில்லை என்றால் பட்டன்தான்.

யூபிஎஸ்

மழைக்காலத்தில் கடைக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. யூபிஎஸ்-இலிருந்து யூஎஸ்பி ஒயர் கணினிக்குப் போனால் விண்டோஸ் அதை மடிக்கணினிப் பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். பவர் ஆப்ஷன்ஸில் கிரிட்டிக்கல் பேட்டரி லெவல் உயரமாக இருந்தாலோ, யூபிஎஸ் மென்பொருளில் "பேட்டரிக்கு மாறியதும் 30 விநாடியில் அணை" என்று இருந்தாலோ, விளக்கு ஒரு முறை மின்னினாலும் கணினி ஒழுங்காக மூடிக்கொள்ளும். யூபிஎஸ் மென்பொருள் அணைத்திருந்தால் 1074 வரியில் பெயர் தெரியும். அளவை 10 விழுக்காடு ஆக்குங்கள். நேரத்தை ஐந்து நிமிடம் ஆக்குங்கள்.

650 விஏ என்று எழுதிய சிறு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். பின்பக்கம் வாட் எண்ணைப் பாருங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது.

அணைய மறுப்பதும் தானே எழுவதும்

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்படி முழுதாக அணைந்தால், சீக்கிரம் எழுவதற்காகக் கணினியை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" பக்கத்தில் அதை எடுத்துவிடுங்கள். திரை இருண்டும் ஃபேன் நிற்காவிட்டால் சிப்செட், மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர்களைக் கணினி கம்பெனியின் பக்கத்திலிருந்து போடுங்கள்.

தானே எழுந்தால் பயாஸில் வேக் ஆன் லான், பவர் ஆன் பை பிசிஐ-இ, ஆர்டிசி அலாரம் மூன்றையும் அணைத்து, இஆர்பி (அணைந்த கணினிக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது) என்பதை எனேபிள் செய்யுங்கள். "ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்பது பவர் ஆனில் இருந்தால், மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் கணினி எழும். போய்ப் போய் வரும் மின்சாரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுப்பது இந்த எழுச்சிதான். வீட்டுக் கணினியில் பவர் ஆஃப் என்று வையுங்கள். சிசிடிவி ஓட்டும் கணினிக்கு மட்டும் பவர் ஆன் தேவை, அதுவும் யூபிஎஸ் இருந்தால்.

பயாஸைப் புதுப்பிக்கும்போது

மேலே சொன்ன சிலவற்றுக்கு பயாஸ் புதுப்பிப்பு வேண்டியிருக்கும். போர்டின் மாடல் எண்ணை, அதில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணோடு சேர்த்துப் பார்த்து, அதற்கான ஃபைலை மட்டும் எடுங்கள். யூஎஸ்பியை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்யுங்கள். பிட்லாக்கரை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். காலையில், வானம் வெளுத்திருக்கும்போது செய்யுங்கள். நம் பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு வரும், பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாது. புதுப்பித்ததும் பழைய அமைப்பெல்லாம் அழிந்திருக்கும். கைப்பேசிப் படங்களைத் திறந்து சாட்டா மோடு, பூட் முறை, ஷட்டவுன் டெம்பரேச்சர், ஃபேன், பவர் லிமிட் ஆகிய ஐந்தையும் மறுபடி சரிபார்த்து, பயாஸில் சேவ் புரொஃபைல் இருந்தால் அதில் ஏற்றி வையுங்கள். இடி முழங்கும் நாளில் கணினியின் பிளக்கோடு, மோடத்திலிருந்து வரும் லான் ஒயரையும் பிடுங்க வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வந்து போர்டை அடிக்கும்.